கட்அவுட் மேல் விழுந்த பழி

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் கார் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு கவலைகள் தீராமல் இருந்தன. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகுமா, ஆள் பிடித்துத் தள்ள வேண்டியிருக்குமா என்பது ஒன்று. ராத்திரி ஊர் திரும்பும்போது ஹெட்லைட் மங்கிவிடுமா, இல்லை பல்பு ஒரேயடியாக ஃபியூஸ் ஆகிவிடுமா என்பது இன்னொன்று. ஸ்டார்ட் ஆகாததும் மங்குவதும் மின்சாரம் போதாமல் வருபவை, ஃபியூஸ் ஆவது மிஞ்சிப்போய் வருவது. நேர் எதிரான இந்த இரண்டு கோளாறுக்கும் பட்டறையில் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: “கட்அவுட் போயிருச்சு.” பானெட்டைத் திறந்தால் தகட்டுச் சுவரில் கருப்பு மூடி போட்டு உட்கார்ந்திருக்கும் கையகலப் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். அதற்குள் இருந்தவை இரண்டு கருவிகள். டைனமோவின் வோல்டேஜ் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டர் ஒன்று. பாட்டரியில் ஏறிய கரண்ட் டைனமோவுக்கே திரும்பி ஓடாமல் தடுக்கும் கட்அவுட் மற்றொன்று. அந்தக் காலத்து வண்டிகளை இப்போது நினைத்துப் பார்க்கையில், மின்சாரத்தில் வந்த கோளாறு அத்தனையையும் அந்தப் பெட்டியின் தலையில் கட்டியது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. பெட்டி போட்ட கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதைச் சுற்றியிருந்த மற்றவைதான் அதைக் கைவிட்டன.

இந்த வட்டாரத்துக்கு மோட்டார் வண்டி நேற்று வந்த பொருளல்ல. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் தென்மாவட்டங்களுக்குப் பஸ்ஸைப் பழக்கிவிட்டது. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் நிறுவிய ராஜபாளையம் மில்ஸும் அதன் பின்னால் வந்த ஆலைகளும் பஞ்சுப் பொதியும் நூல் மூட்டையுமாக லாரிகளை வரவழைத்தன. முன்பு 208 என்றும் இப்போது 744 என்றும் எண் பெற்ற திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலை இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டுதான் தென்காசி, செங்கோட்டை வழியாக மலை ஏறுகிறது. அந்தச் சாலையில் ஓடிய அம்பாசடருக்கும் இன்னும் பல வண்டிகளுக்கும் மின்சாரச் சாமான் கொடுத்தது லூகாஸ். பர்மிங்காமில் பிறந்த அந்தக் கம்பெனி டிவிஎஸ்ஸோடு சேர்ந்து 1961இல் சென்னையில் லூகாஸ்-டிவிஎஸ் ஆனது. பாடியில் அதன் ஆலை எழுந்தது. இங்கிலாந்திலேயே லூகாஸுக்கு ‘இருளின் இளவரசன்’ என்று கேலிப் பெயர் உண்டு. விளக்கு அணைந்தால் கம்பெனியைத் திட்டுவது அங்கேயும் வழக்கம். ஆக, பழி போடுவதில் நம்மூர்க்காரர்கள் தனியாக இல்லை.

பெட்டிக்காக வாதாட வேண்டுமானால் முதலில் டைனமோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபேன் பெல்ட்டால் சுழலும் ஆர்மேச்சர், அதைச் சுற்றிக் காந்தமாக நிற்கும் ஃபீல்டு காயில், கரண்டை எடுத்துத் தரும் கார்பன் பிரஷ் - அவ்வளவுதான் டைனமோ. வேகம் கூடினால் வோல்டேஜ் கூடும். ஃபீல்டு காயிலில் ஓடும் கரண்ட் கூடினாலும் வோல்டேஜ் கூடும். ஃபீல்டு காயிலுக்கும் டைனமோவே தன் கரண்டைக் கொடுத்துக்கொள்வதால், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் 12 வோல்ட் வண்டியின் டைனமோ இருபது, முப்பது என்று ஏறிக்கொண்டே போய் முதலில் பல்புகளையும் பிறகு தன்னையும் எரித்துக்கொள்ளும். மிகப் பழைய வண்டிகளில் இதற்கு மூன்றாவதாக ஒரு பிரஷ் வைத்துச் சமாளித்தார்கள். அதை நகர்த்தி வைத்தால் டைனமோ தரும் கரண்டை ஓரளவு நிர்ணயிக்கலாம். ஆனால் பாட்டரி நிறைந்திருக்கிறதா, வற்றியிருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. நிறைந்த பாட்டரிக்கும் அதே கரண்டைக் கொட்டும். நாள் முழுக்க ஓடும் வண்டியில் ஆசிட் கொதிக்கும். ராத்திரி மட்டும் ஓடும் வண்டியில் பாட்டரி வற்றும். இந்தக் குருட்டு ஏற்பாட்டை விட்டு, பாட்டரியின் நிலையைப் பார்த்துக் கொடுக்கும் பெட்டிக்கு லூகாஸ் மாறியது 1930களின் நடுவில். நம்மூரில் ‘கட்அவுட்’ என்று திட்டு வாங்கியது அந்தப் பெட்டியின் வாரிசுதான்.

ரெகுலேட்டர் செய்யும் வேலை பார்க்க எளிது. இரும்புத் தண்டு ஒன்றில் மெல்லிய செம்புக் கம்பியை ஏராளமான சுற்றுகள் சுற்றி, டைனமோவின் வோல்டேஜை அதற்குக் கொடுத்திருப்பார்கள். தண்டுக்கு எதிரே ஸ்பிரிங்கால் பின்னுக்கு இழுக்கப்பட்ட சிறு இரும்புத் தகடு, அதில் ஒரு பாயின்ட். ஸ்பிரிங் ஜெயிக்கும்வரை பாயின்ட் மூடியிருக்கும், ஃபீல்டு காயிலுக்குக் கரண்ட் நேராகப் போகும். வோல்டேஜ் குறித்த அளவைத் தொட்டதும் காந்தம் ஜெயித்துத் தகட்டை இழுக்கும், பாயின்ட் திறக்கும். அப்போது ஃபீல்டு கரண்ட், பெட்டிக்கு அடியில் இருக்கும் ரெசிஸ்டன்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். லூகாஸின் அன்றைய கார் டைனமோக்களில் ஃபீல்டு காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஆறு ஓம் அளவு. பெட்டியின் அடியில் இருந்ததோ அதைப் போலப் பத்து மடங்கு. ஃபீல்டு சட்டென்று தளரும், வோல்டேஜ் இறங்கும், ஸ்பிரிங் மறுபடி பாயின்ட்டை மூடும். ஒரு நொடிக்குள் இது பல பத்து முறை நடக்கும். வேகம் குறைவாக இருந்தால் பாயின்ட் அதிக நேரம் மூடியிருக்கும், வேகம் கூடினால் அதிக நேரம் திறந்திருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட சராசரிதான் ஃபீல்டு கரண்ட். இது காருக்காகக் கண்டுபிடித்த தந்திரமும் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மின்நிலையங்களின் பெரிய ஜெனரேட்டர்களை டிர்ரில் ரெகுலேட்டர் என்ற கருவி இதே அதிரும் பாயின்ட்டைக் கொண்டுதான் அடக்கிவைத்தது. ஊருக்கே விளக்கேற்றிய ஒரு முறையை, பானெட்டுக்குள் அடங்கும்படி சுருக்கினார்கள்.

இதுவரை சொன்னதோடு நின்றிருந்தால் அது சாதாரணக் கருவிதான். அதன் அறிவு அடுத்த சுற்றில் இருக்கிறது. மெல்லிய கம்பிக்கு மேல் தடித்த கம்பியில் சில சுற்றுகள் கூடுதலாகப் போட்டு, டைனமோ தரும் கரண்ட் முழுவதையும் அதன் வழியாக அனுப்பியிருப்பார்கள். கரண்ட் அதிகமாக ஓடினால் இந்தச் சுற்றும் சேர்ந்து தகட்டை இழுக்கும், ஆகவே குறைந்த வோல்டேஜிலேயே பாயின்ட் திறந்துவிடும். வற்றிய பாட்டரி பேராசையோடு கரண்டை உறிஞ்சும்போது டைனமோ எரிந்துபோகாமல் இருப்பது இதனால்தான். பாட்டரி நிறைய நிறையக் கரண்ட் குறையும், வோல்டேஜ் மெல்ல உயரும், கடைசியில் இரண்டு மூன்று ஆம்பியர் சொட்டிக்கொண்டிருக்கும். பாட்டரி கேட்பதும் இதைத்தான். ஆனால் இந்த நல்ல குணமே பெட்டிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. மதுரையில் கிளம்பும்போது டாஷ்போர்டு ஆம்ப் மீட்டரின் முள் பிளஸ் பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கும். கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் அது நடுவுக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். “சார்ஜ் ஏறல” என்று முடிவுகட்டி, மறுநாளே பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். முள் நடுவுக்கு வந்தது பாட்டரி நிறைந்ததன் அடையாளம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பட்டறையில் ஸ்பிரிங்கை ஒரு நெம்பு நெம்பி, முள் எப்போதும் பத்தில் நிற்கும்படி செய்து கொடுத்தால் உரிமையாளருக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்குப் பாட்டரி தன் ஆயுளைக் கொடுத்தது.

தடித்த சுற்றில் இன்னொரு நுட்பமும் உண்டு. பெட்டியில் ‘ஏ’ என்றும் ‘ஏ1’ என்றும் இரண்டு முனைகள் இருக்கும். பாட்டரிக்குப் போகும் வயர் ‘ஏ’யில், லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் போகும் வயர் ‘ஏ1’இல். ‘ஏ1’ வழியாகப் போகும் கரண்ட் கூடுதலாகச் சில சுற்றுகளைக் கடக்கும். அதனால் ராத்திரி எல்லா லைட்டும் எரியும்போது தன்மேல் விழும் பாரத்தைப் பெட்டி உணர்ந்து டைனமோவைக் காக்கும். நம்மூரில் என்ன செய்தார்கள்? எக்ஸ்ட்ரா லைட், காற்று ஹாரன், பாட்டுப் பெட்டி என்று எதை மாட்டினாலும் எட்டிய இடத்தில், பெரும்பாலும் பாட்டரி முனையிலேயே, வயரை இழுத்து முறுக்கிவிட்டார்கள். அப்படி இழுத்த பாரம், கூடுதல் சுற்றுகளைத் தொடாமலே போய்விடும். கண்ணில் படாத பாரத்துக்குப் பெட்டி எப்படிக் கணக்குப் போடும்? ஆர்மேச்சர் கருகி ரீவைண்டிங்குக்குப் போகும்போது மட்டும் பழி மறுபடியும் கட்அவுட்டுக்கு.

நம் ஊர் வெயிலை எடுத்துக்கொள்வோம். ‘இது குளிர்நாட்டுக்காரன் செய்த சாமான், நம் வெக்கைக்குத் தாங்காது’ என்பது அன்று பரவலாகச் சொல்லப்பட்ட ஆட்சேபம். மலையடிவாரமாக இருந்தாலும் கோடையில் இங்கே கொளுத்தும். மூடிய பானெட்டுக்குள் வெளியே இருப்பதைவிட இன்னும் சூடு. செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் உயரும். கம்பிச் சுருள் நாற்பது டிகிரி கூடுதலாகச் சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ 16 சதவீதம் ஏறிவிடும். காந்தம் அந்த அளவுக்கு இளைக்கும். 16 வோல்ட்டில் திறக்க வேண்டிய பாயின்ட் 18, 18.5 வரை காத்திருக்கும். சூடான பாட்டரிக்கோ குறைந்த வோல்டேஜே போதும், கூடுதலாகக் கொடுத்தால் தண்ணீர்தான் ஆவியாகும். அதாவது, எது குறைய வேண்டுமோ அது கூடும். ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் அதைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. தகட்டைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கோடு, இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்றை வைத்தார்கள். சூடு ஏறினால் பட்டை வளைந்து ஸ்பிரிங்கின் இழுப்பைத் தளர்த்தும். இளைத்த காந்தமும் தளர்ந்த ஸ்பிரிங்கும் சமன்படும். சமன்படுவதோடு நிற்காமல், வெப்பத்தில் பாட்டரிக்கு வேண்டிய குறைந்த வோல்டேஜுக்கும் அது இறக்கிவிடும். லூகாஸின் கையேட்டில் 10, 20, 30, 40 டிகிரி என்று ஒவ்வொரு வெப்பத்துக்கும் தனித்தனி வோல்டேஜ் அட்டவணை இருந்தது. டிரான்சிஸ்டரோ சிப்போ இல்லாமல், ஒரு தகட்டுத் துண்டால் வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொண்ட கருவியை மட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெயில் நாட்டுக்கென்று பாட்டரி ஆசிட்டின் அடர்த்தியைக் குறைத்து, 1.210 முதல் 1.230 வரை வைக்கச் சொன்னதும் அதே மாதிரிக் கையேடுகள்தான். கேட்காமல் ‘ஸ்ட்ராங்’ ஆசிட் ஊற்றியது யார் குற்றம்?

பெட்டியின் பாதிக்கே உரிய பெயரைச் சுமந்த கட்அவுட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டைனமோ 13 வோல்ட்டை ஒட்டி எழும்பியதும் அதன் பாயின்ட் மூடிப் பாட்டரியோடு இணைக்கும். இன்ஜின் வேகம் குறைந்து கரண்ட் திரும்பி ஓடத் தொடங்கினால் அந்தத் திரும்பும் கரண்டே காந்தத்தைக் கலைத்துப் பாயின்ட்டைத் திறந்துவிடும். பாயின்ட் உருகி ஒட்டிக்கொண்டால் மட்டும் ஆபத்து. நிறுத்திய வண்டியில் பாட்டரி முழுவதும் டைனமோ வழியாக வடிந்து வயர் புகையும். அப்போது உடனே பாட்டரி முனையைக் கழற்ற வேண்டும். இது நடக்கக்கூடியதுதான், ஆனால் ஆயிரம் காலைகளில் தள்ளிய வண்டிகளுக்கு இது காரணம் ஆகாது.

அப்படியானால் பாட்டரி ஏன் இறங்கியது? இதுதான் பலமான கேள்வி. இதற்குப் பதில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலையில் இருக்கிறது. பெரிய திருவண்ணாமலையைச் சொல்லவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சீனிவாசப் பெருமாள் குன்றின் மேல் நிற்கும் திருவண்ணாமலை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விடியுமுன்பே கூட்டம் சேரும் இடம். ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான். காரும் வேனும் ஹெட்லைட்டோடு ஊர்ந்து போகும், நிற்கும், மறுபடி ஊரும், ஆளை இறக்கிவிட்டுத் திரும்பி அடுத்த நடை அடிக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து ஏழு எட்டு ஆம்பியர், பார்க் லைட், பின் விளக்குகளுக்கு இரண்டு, இக்னிஷன் காயிலுக்கு மூன்று. சுமாராகப் பன்னிரண்டு ஆம்பியர் செலவு. அந்தக் கால லூகாஸ் கார் டைனமோ அதிகபட்சம் தருவது 19 அல்லது 22 ஆம்பியர். அதுவும் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றைத் தாண்டிய பிறகுதான். ஆயிரத்துச் சொச்சம் சுற்று வரும்வரை கட்அவுட் மூடவே மூடாது. ஊர்ந்து போகும் வண்டியில், ஐடிலிங்கில் நிற்கும் வண்டியில், அந்தச் சுற்று வராது. ஆகவே மொத்தச் செலவும் பாட்டரி தலையில். அரை மணி நேரம் இப்படிப் போனால் ஆறு ஆம்பியர்-மணி போய்விடும். இதில் ஒரு மூடநம்பிக்கையையும் கழித்துவிடலாம். ‘அடிக்கடி செல்ஃப் போட்டால் பாட்டரி இறங்கும்’ என்று பயந்து இன்ஜினை அணைக்காமல், லைட்டும் எரிய, ஐடிலிங்கில் விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர். ஸ்டார்ட்டர் இருநூறு ஆம்பியர் இழுத்தாலும் மூன்று விநாடியில் விட்டுவிடும். அதன் செலவு ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்குதான். அரை மணி நேர ஐடிலிங் முப்பத்தாறு ஸ்டார்ட்டுக்குச் சமம். லைட்டை அணைத்து இன்ஜினையும் அணைத்தவர்தான் புத்திசாலி. டைனமோ கொடுக்காத கரண்டை ரெகுலேட்டரால் உண்டாக்க முடியாது. ரெகுலேட்டருக்குக் குறைக்கத் தெரியும், கூட்டத் தெரியாது.

சரி, பல்பு ஃபியூஸ் ஆனதற்கும் ஆசிட் கொதித்ததற்கும் பதில் என்ன, அது மிஞ்சிய வோல்டேஜ்தானே, அதை அடக்க வேண்டியவன் ரெகுலேட்டர்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ரெகுலேட்டரின் மெல்லிய சுருள் வோல்டேஜை அளப்பது டைனமோவுக்கும் எர்த்துக்கும் இடையே. பெட்டியின் ‘இ’ முனை பாடியோடு சுத்தமாகச் சேர்ந்திருக்க வேண்டும். அங்கே துரு ஏறினாலும், டிங்கரிங் முடித்துப் பெயிண்ட் அடிக்கும்போது ஸ்குரூவுக்கு அடியில் பெயிண்ட் படிந்தாலும், சுருளுக்கு வோல்டேஜ் குறைவாகத் தெரியும். குறைவாகத் தெரிந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைனமோ அதிகம் கொடுக்கும். எர்த் முழுவதும் அறுந்துவிட்டால் பாயின்ட் திறக்கவே திறக்காது. ஃபீல்டு முழு வேகத்தில் ஓடி, ஆக்ஸிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். பெயிண்ட் பட்டறையிலிருந்து பளபளவென்று வந்த வண்டி ஒரு வாரத்தில் லைட் எல்லாவற்றையும் இழந்தால், சந்தேகப்பட வேண்டியது ஒரு ஸ்குரூவை. இதே போலத் தளர்ந்த ஃபேன் பெல்ட், தேய்ந்த கார்பன், கார்பன் உரசும் கம்யூட்டேட்டரில் படிந்த எண்ணெய் இவை ஒவ்வொன்றும் ‘சார்ஜ் ஏறல’ என்ற அதே முகத்தோடுதான் வரும்.

பிரித்துப் பார்க்க வழி இல்லாமல் போகவில்லை. டைனமோவில் இருக்கும் ‘டி’, ‘எஃப்’ வயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து, வோல்ட் மீட்டரை அதற்கும் எர்த்துக்கும் இடையே வைத்து, இன்ஜினை மெதுவாக முடுக்கினால் போதும். முள் தடுமாறாமல் ஏறினால் டைனமோ நல்லது. இருபதைத் தாண்ட விடாமல் நிறுத்திவிட வேண்டும். ஒரு வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டைப் பார்க்க வேண்டும், நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சரைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. டைனமோவைத் தனியாகத் தேர்வு வைத்த பிறகுதான் பெட்டியைத் தொட வேண்டும் என்பது இதன் பொருள். ஆனால் நம் பட்டறைகளில் வோல்ட் மீட்டருக்குப் பதில் டெஸ்ட் லாம்ப்பும், சில இடங்களில் வெறும் ஸ்குரூ டிரைவரில் தட்டி எழுப்பும் தீப்பொறியும்தான் அளவுகோலாக இருந்தன. பொறி கரண்ட் இருப்பதைச் சொல்லும். பதினாலா பதினாறா என்று சொல்லாது.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கையேடு இங்கிலீஷில், அதுவும் கம்பெனி டீலரிடம். நல்ல மீட்டரின் விலை ஒரு மாத வருமானம். அந்த நிலையில் காதையும் கண்ணையும் வைத்து ஆர்மேச்சர் சுற்றிக் கொடுத்த கைகள் மதிக்கத்தக்கவை. ஆனாலும் இந்த ஒரு பெட்டி, கைப்பழக்கத்துக்கு அடங்காத சாதி. இதன் வோல்டேஜைச் சரிபார்க்கப் பாட்டரியின் இணைப்பை விலக்கிவிட வேண்டும். அப்போது 16 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால்தான் சரி. அதைப் பார்த்து, அதிகம் என்று பயந்து குறைத்துவிட்டால் பாட்டரி என்றைக்கும் நிறையாது. முப்பது விநாடிக்குள் அளந்து முடிக்க வேண்டும். தாமதித்தால் சுருள் சூடாகிப் பொய் சொல்லும். பாயின்ட் சுத்தம் செய்வதிலும் வித்தியாசம் உண்டு. ரெகுலேட்டர் பாயின்ட் கடினமான டங்ஸ்டன், அதற்குச் சாணைக்கல் ஆகும். கட்அவுட் பாயின்ட் மிருதுவான வெள்ளி, அதற்கு மெல்லிய கண்ணாடித் தாள் மட்டும்தான். எமரி பேப்பர் ஆகவே ஆகாது, அதன் துகள் வெள்ளியில் பதிந்து கரண்டைத் தடுக்கும். இரண்டுக்கும் ஒரே உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்ததில் கெட்ட பெட்டிகள், தாமாகக் கெட்ட பெட்டிகளைவிட அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கடைசி ஆட்சேபம்: அவ்வளவு நல்ல கருவி என்றால் உலகம் ஏன் அதைக் கைவிட்டது? கைவிட்டது டைனமோவை. சிலிக்கன் டயோடு மலிவானதும் ஆல்டர்நேட்டர் வந்தது. 1960இல் அமெரிக்காவில் கிறைஸ்லர் தன் வேலியன்ட் காரில் அதை வைத்தது. அதில் கம்யூட்டேட்டர் இல்லாததால் சிறிய புல்லி போட்டு வேகமாகச் சுற்றலாம்; ஐடிலிங்கிலேயே சார்ஜ் ஏறும். டயோடே கரண்டைத் திரும்ப விடாததால் கட்அவுட் தேவையில்லை. தன் கரண்டுக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்வதால் அதற்கும் தனிச் சுருள் வேண்டாம். மிஞ்சியது வோல்டேஜ் ரெகுலேட்டர் ஒன்றுதான். அந்த அமெரிக்க வண்டிகளில் பல ஆண்டுகள் ஆல்டர்நேட்டரை அடக்கியது எது? இதே அதிரும் பாயின்ட். பழைய ரெகுலேட்டர் புதிய இயந்திரத்தோடு சேர்ந்து ஐடிலிங்கிலும் பாட்டரியை நிறைத்தது. பழைய வண்டியின் குறை எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். பிறகு வந்த டிரான்சிஸ்டர் ரெகுலேட்டரும் ஃபீல்டை விட்டு விட்டு இணைக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது, தேய்கிற பாயின்ட் இல்லாமல். அந்த முன்னேற்றத்தை நான் மறுக்கவில்லை. பாயின்ட் தேயும், குழியும், ஸ்பிரிங் காலப்போக்கில் சோரும். இரண்டு சுருள் பெட்டி டைனமோவின் முழுத் திறமையையும் பாட்டரிக்குப் போக விடாது என்பதும் உண்மை. அதை உணர்ந்துதான் லூகாஸே ஆர்பி 106 என்ற இரண்டு சுருள் பெட்டிக்குப் பிறகு, கரண்டுக்குத் தனிச் சுருள் வைத்த மூன்று சுருள் ஆர்பி 340ஐக் கொண்டுவந்தது. 1983 கடைசியில் மாருதி வந்தபோது ஆல்டர்நேட்டரோடுதான் வந்தது. காலையில் தள்ளும் வேலை அதன் பிறகு நம் தெருக்களில் குறைந்தது.

ஆனாலும் அம்பாசடரையும் பத்மினியையும் எஸ்டி பைக்கையும் விடாமல் வைத்திருப்பவர்கள் ராஜபாளையத்தில் இன்னும் இருக்கிறார்கள். பழைய பெட்டிக்குள்ளேயே எலக்ட்ரானிக் சர்க்யூட்டைப் பொருத்திக்கொள்வதில் தவறில்லை. மூடியைத் திறக்காதவரை யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். 1960களின் பிற்பாதியில்தான் பிரிட்டிஷ் கம்பெனிகள் நெகட்டிவ்வுக்கு மாறின. டைனமோவும் பாயின்ட் ரெகுலேட்டரும் எந்தப் பக்கம் மாட்டினாலும் பொறுத்துக்கொள்ளும். ‘எஃப்’ முனையில் பாட்டரி வயரை ஒரு கணம் தொட்டு எடுத்தால் டைனமோவின் காந்தம் புதிய திசைக்கு வந்துவிடும். டிரான்சிஸ்டருக்கும் டயோடுக்கும் அந்தப் பொறுமை கிடையாது, மாற்றி மாட்டிய நொடியிலேயே போய்விடும். ஆகவே எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வாங்குமுன் உங்கள் வண்டியில் எது எர்த் என்று வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். கழற்றிய பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். துணியில் சுற்றி டிக்கியில் போட்டுவையுங்கள்.